பட்டுவாடாவுக்கு முந்தைய இரவு ஒரு கொலை: தேர்தல் துப்பறியும் கதை எழுதுவோருக்கு

தேர்தலை வைத்துத் துப்பறியும் கதை எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றும் சதி, வாக்குப்பதிவு இயந்திரத்தை எங்கிருந்தோ ஒருவன் லேப்டாப்பில் திருத்துவது. அடுத்தது, பிரசார மேடையில் வேட்பாளர் சுடப்படுவது. இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதலாவது அந்த இயந்திரத்தோடு ஒட்டாது. இரண்டாவதில் தேர்தல் வெறும் கூட்டச் சத்தமாகப் பின்னால் நின்றுவிடும். அதே கொலையைக் கோயில் திருவிழாவிலும் வைக்கலாம். தேர்தல் இருப்பதால் மட்டுமே நடக்கும் குற்றம் வேண்டும். தேர்தல் நடைமுறை இருப்பதால் மட்டுமே கிடைக்கும் துப்பு வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

முதல் வேலை, தேர்தல் அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொள்வது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 30-ஆவது பிரிவே கணக்கைக் கொடுத்துவிடுகிறது. அறிவிக்கை வெளியான 7-ஆம் நாள் மனுத்தாக்கல் முடியும். மறுநாள் பரிசீலனை. அதற்கு 2 நாள் கழித்து வாபஸுக்குக் கடைசி நாள். அதன்பின் 14 நாளாவது கழிந்துதான் வாக்குப்பதிவு. 2021-இல் இது எப்படி வந்தது என்று பாருங்கள்: மார்ச் 12 அறிவிக்கை, 19 மனுத்தாக்கல் முடிவு, 20 பரிசீலனை, 22 வாபஸ், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். குற்றம் அங்கே நடக்கட்டும். வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் கட்சிக்காரர்களுக்கு வேலை குறைந்துவிடும், சந்தேகம் கூடிவிடும். விசாரணையை அங்கே நீட்டலாம். 2021-இல் அந்த இடைவெளி 26 நாள். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19-இல் வாக்களித்துவிட்டுத் தமிழ்நாடு ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தது.

தேதி அறிவித்த அன்றே ஊரின் சில பழக்கங்கள் மாறிவிடும், அவை கதைக்குள் வந்தாக வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கவேண்டும். முடிவு வெளியாகி ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே பண்ணையாரின் இரட்டைக் குழல் துப்பாக்கியால் பிரசார நேரத்தில் யாரையாவது சுட்டால், ஸ்டேஷன் பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சொந்த மாவட்டத்தில் பணியாற்றும் இன்ஸ்பெக்டர்களையும், கடைசி 4 ஆண்டில் 3 ஆண்டை ஒரே மாவட்டத்தில் கழித்தவர்களையும் முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். அதனால் உங்கள் கதையின் இன்ஸ்பெக்டருக்கு அந்த ஊரில் தெருப்பெயர்கூடச் சரியாகத் தெரியாது. யார் யாருக்கு மச்சான், எந்தக் கிளைச் செயலாளர் எந்த வழக்கில் சிக்கியவர் என்பதையெல்லாம் ஊர்த் தகவல் திரட்டும் தனிப்பிரிவு ஏட்டுதான் சொல்ல வேண்டும். இந்த இணையைப் பயன்படுத்துங்கள். அதிகாரம் ஒருவரிடம், தகவல் இன்னொருவரிடம். ஏட்டு எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதிலேயே ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

இன்னொன்று: தேர்தல் பணியில் இருக்கும் காவல்துறையினர் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28-ஏ பிரிவின்படி தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுவார்கள். எஸ்.பி.யை ஆணையமே மாற்றலாம். விசாரணையை நிறுத்த ஆளுங்கட்சி மந்திரி போன் போட்டால் போதும் என்று எழுதினால் அனுபவப்பட்ட வாசகர் நம்பமாட்டார். எதிர்க்கட்சியின் பெயரில் ஒரு புகாரை ஆணையத்துக்கு அனுப்பவைத்து, நேர்மையான அதிகாரியையே 'ஒருதலைப்பட்சமானவர்' என்று மாற்ற வைப்பது அதைவிட நம்பத்தகுந்த சூழ்ச்சி.

வேட்பாளரைக் கொல்வதானால் அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் படிக்காமல் எழுதாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால்தான் வாக்குப்பதிவு தள்ளிப்போகும். அந்தக் கட்சி வேறொருவரை நிறுத்த 7 நாள் கிடைக்கும். சுயேச்சை இறந்தால் தேர்தல் அப்படியே நடக்கும். 1980-களில் அப்படி இல்லை. எந்த வேட்பாளர் இறந்தாலும் தேர்தல் நின்றுவிடும், அதனால் யாருக்கும் தெரியாத ஒரு சுயேச்சையின் உயிருக்குப் பயங்கரமான விலை இருந்தது. கதை 1980-களில் நடந்தால் இதுவே ஒரு முழு நாவலுக்கான கொலைக் காரணம். 2020-களில் நடந்தால் அதே காரணம் ஓட்டை. மொடக்குறிச்சியில் 1996-இல் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சான பிறகு டெபாசிட் தொகையும் உயர்ந்தது. இப்போது சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

மனுத்தாக்கல் வாரத்தைப் பலர் ஒரே பத்தியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. கையெழுத்தும் ரேகையும் நிறைந்த வாரம் அது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு 1 முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். அந்தப் பத்தில் ஒருவர் பரிசீலனை நாளில் வந்து "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொன்னால் போதும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் நடிகர் விஷாலின் மனு இப்படி முன்மொழிந்த இருவரின் மறுப்பால்தான் நிராகரிக்கப்பட்டது. கட்சி வேட்பாளருக்குக் கட்சியின் ஒப்புதலைக் காட்டும் படிவம் ஏ, படிவம் பி இரண்டும் தேவை. கட்சித் தலைமை பேனா மையால் கையெழுத்திட்ட அசல் தாள், மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வந்தாக வேண்டும். 2016 நவம்பர் இடைத்தேர்தலுக்கு, மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் இடது பெருவிரல் ரேகையோடு அந்தப் படிவங்கள் வந்தன. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், திருப்பரங்குன்றம் தேர்தல் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஒரு ரேகை, ஒரு தாள், யார் முன்னிலையில் வைக்கப்பட்டது என்ற ஒரு கேள்வி: துப்பறியும் கதைக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன.

இனி பணம். இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். தமிழ்நாட்டுத் தேர்தல் கதையில் கொலைக்கு மிக நம்பகமான காரணம் எதிர்க்கட்சியின் பகை கிடையாது. நடுவழியில் காணாமல்போன பணம். அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. திருடுபோனது என்று ஸ்டேஷனில் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் யாருடையது, எதற்காக வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். புகாரே கொடுக்க முடியாத திருட்டு, அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு கொலை.

கணக்கைச் சரியாகப் போடுங்கள். தொகுதியில் 2.5 லட்சம் வாக்காளர்கள், அதில் 60 விழுக்காட்டினருக்குத் தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7.5 கோடி. ஒரு கோடி ரூபாய் 500 நோட்டில் 20,000 தாள், அதாவது 200 கட்டு, 20 கிலோவுக்கு மேல். எனவே பத்து கோடியை ஒரு சூட்கேஸில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுகிற காட்சியை வெட்டிவிடுங்கள். அது 200 கிலோவைத் தாண்டும். 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்டுவிட்டதால் அந்தச் சலுகையும் இப்போதைய கதைக்கு இல்லை.

பணம் வாக்காளர் பட்டியலின் வடிவத்திலேயே பிரியும். தொகுதி, வாக்குச்சாவடிக்கு ஒன்று என்று பாகங்களாக இருக்கிறது. ஒரு பாகத்தில் ஏறக்குறைய 1,000 பேர். பட்டியலின் ஒரு முழுப் பக்கத்தில் 30 பேர். அதே 60 விழுக்காடு, 500 ரூபாய்க் கணக்கில் பாகத்துக்கு 3 லட்சம், அதாவது 6 கட்டு. பக்கத்துக்கு 9,000. தேர்தல் நேரத்தில் ஆவணமில்லாமல் 50,000-க்கு மேல் கையில் இருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். ஆக, ஒருவன் 5 பக்கத்துக்கு மேல் கையில் வைத்திருக்கமாட்டான்: 45,000. இந்தக் கணக்கு வாசகருக்குப் புரிந்துவிட்டால், இறந்தவனின் சட்டைப்பையில் 5 பக்க நகலும் 27,000 ரூபாயும் இருந்தது என்று ஒரு வரி எழுதினாலே போதும். மூன்று பக்கத்துப் பணம் மீதம் இருக்கிறது. எந்த இரண்டு பக்கங்களில் டிக் அடித்திருக்கிறது? அந்த வீடுகளுக்கு உண்மையிலேயே பணம் போய்ச் சேர்ந்ததா? டிக் இருந்தும் பணம் போகாத வீடு வந்தால், அவனை அனுப்பியவர் மீதா அவன் மீதா சந்தேகம் என்று கதை இரண்டாகப் பிரியும்.

பட்டியல் நகலே ஒரு துப்பு. இறுதிப் பட்டியலுக்குப் பின் சேர்க்கப்பட்டவர்கள் துணைப் பட்டியலாகக் கடைசியில் வருவார்கள். இறந்தவனிடம் இருந்த நகலில் துணைப் பட்டியல் இருந்தால் அது மனுத்தாக்கலுக்குப் பிறகு அச்சானது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர்களுக்கு அதை இலவசமாகக் கொடுப்பார்கள். இல்லையென்றால் பழைய நகல், வேறு வழியில் வந்தது. இரண்டு கட்சியிலும் பணம் வாங்கிய பாகப் பொறுப்பாளரை இந்த ஒரு வேறுபாட்டாலேயே மாட்டவைக்கலாம்.

உண்மை வழக்குகளைப் பார்த்தாலும் துப்பு பெரும்பாலும் உறையின் மேல் எழுதியதில்தான் இருந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 16 இரவு ஆண்டிபட்டியில் 1.48 கோடி ரூபாய் பிடிபட்டபோது 94 உறைகளின் மேல் வார்டு எண்ணும் வாக்காளர் எண்ணிக்கையும் தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கும் இருந்தன. அதே மாதத் தொடக்கத்தில் வேலூரில் கிடைத்த 11 கோடிக்கு மேற்பட்ட பணத்திலும் வார்டு குறிப்புகள் இருந்தன. பெரும்பகுதி 200 ரூபாய் நோட்டு என்பதால் விசாரணை வங்கிவரை போனது. வாக்குப்பதிவுக்கு 2 நாள் முன்பு வேலூர் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-இல் நடந்து, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. புத்தம்புது நோட்டு வந்தால் வரிசை எண்ணைப் பாருங்கள், கட்டின் மேல் சுற்றிய வங்கித் தாளில் முத்திரையும் சுருக்கொப்பமும் இருக்கும். உங்கள் வில்லன் அதைக் கிழித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தால், கிழித்த தாளை எங்கே எறிந்தான் என்று தேடவைக்கலாம். நேர்மாறான வகையும் உண்டு: 2016 மே மாதம் திருப்பூர் அருகே 3 கண்டெய்னர்களில் 570 கோடி பிடிபட்டு, அது தங்கள் பணம் என்று ஸ்டேட் வங்கி சொன்னது. பெரிய தொகை என்பதாலேயே அது தேர்தல் பணம் ஆகிவிடாது. வாசகரைத் திசைதிருப்ப நல்ல இடம்.

யார் துப்பறிவது? தனியார் துப்பறிவாளரை வைத்தால் கை கட்டியே எழுத வேண்டும். அவருக்கு இங்கே எந்தச் சட்ட அதிகாரமும் இல்லை. போன் அழைப்பு விவரங்களை அவர் எடுப்பதே குற்றம், எஸ்.பி. நிலை அதிகாரி கேட்டால்தான் நிறுவனம் தரும். என் தேர்வு, யாருமே கதாநாயகனாக நினைக்காத ஒருவர்: வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்க ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரின் கீழ் வேலை செய்யும் கணக்குக் குழு ஆள். சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம். வேட்பாளர் தரும் கணக்குக்கு எதிராக இவர்கள் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். வீடியோ கண்காணிப்புக் குழு ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய், தேதி, இடம், வேட்பாளர் பெயர் சொல்லி, வந்த வண்டிகளின் எண், நாற்காலி எண்ணிக்கை, மேடையின் அளவு, பேனர், கட்அவுட் எல்லாவற்றையும் படமெடுக்கும். விலை போடுவதற்காக எடுத்த படம். அதில் மேடைக்குப் பின்னால் நின்ற ஒரு வெள்ளை இன்னோவா தற்செயலாக விழுந்திருக்கும். அன்று அந்த நேரத்தில் வேறு மாவட்டத்தில் இருந்ததாகச் சொன்னவரின் வண்டி அது. கொலையைத் தேடாத கேமரா கொலையைப் பிடிப்பது தேர்தலில் புதிதல்ல. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் பிரசாரக் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அங்கேயே உயிரிழந்த புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த ஃபிலிம்தான் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு முதல் முகங்களைக் கொடுத்தது.

பொதுமக்களின் கேமராவும் உண்டு. தேர்தல் விதிமீறலைப் புகார் செய்ய ஆணையம் கொடுத்த சி-விஜில் செயலி 2018-இல் வந்தது. அதில் அப்போதே எடுத்த படமும் 2 நிமிடத்துக்குள்ளான வீடியோவும் மட்டும்தான் போகும், கேலரியில் இருக்கும் பழைய படத்தை ஏற்றமுடியாது. இடக் குறிப்பு தானாகவே பதியும், 100 நிமிடத்தில் நடவடிக்கை சொல்லவேண்டும், பெயர் சொல்லாமலும் புகார் அனுப்பலாம். 'கொலையான இரவு 10.40-க்குப் பெயர் தெரியாத ஒருவர் அந்தத் தெருவிலிருந்து பட்டுவாடா புகார் அனுப்பியிருக்கிறார்' என்றால், உங்களுக்கு நேரமும் இடமும் உறுதியான, முகம் மட்டும் தெரியாத ஒரு சாட்சி கிடைத்துவிட்டார். அவரைத் தேடுவதே நடுப்பகுதி.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை விடாதீர்கள். வாக்காளருக்குப் பணம் கொடுப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் ஓராண்டு வரை தண்டனைக்குரியது. ஆனால் பிடியாணை இல்லாமல் கைது செய்யமுடியாது, மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விசாரிக்கவும் முடியாது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கதையில் சோதனையும் பறிமுதலும் வீடியோ எடுத்தே செய்யப்பட வேண்டும். போன் பதிவு ஒன்றை நீதிமன்றத்தில் காட்டப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த ஆடியோவை வைத்து வில்லனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள்.

உரையாடலுக்கு ஒரு குறிப்பு. கட்சிக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. "வாங்க மாவட்டம்", "ஒன்றியம் வந்துட்டாரா?", "வட்டத்துக்கிட்ட கேளுங்கண்ணே" என்றுதான் பேச்சு ஓடும். பதவி போன மறுநாள் அதே ஆளை வெறும் "அண்ணே" என்று கூப்பிடுவார்கள். சீட்டு கிடைக்காதவர் வேட்பாளரோடு ஒரே ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டே உள்ளடி வேலை செய்வதைக் காட்ட இந்த அழைப்பு மாற்றம் ஒன்றே போதும்.

வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது பிரசாரம் ஓயும். வெளியூர்க் கட்சிக்காரர்கள் தொகுதியைவிட்டுக் கிளம்பவேண்டும், லாட்ஜும் கல்யாண மண்டபமும் சோதிக்கப்படும், டாஸ்மாக் மூடியிருக்கும். அந்த இரண்டு இரவிலும் தெருவில் நடமாடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கொலையை அங்கே வைத்தால் லாட்ஜ் பதிவேடே சந்தேகப் பட்டியல்.

இயந்திரத்துக்கு வருவோம். அதை ஹேக் செய்வதைவிட, தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது நல்ல கதை. காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன் குறைந்தது 50 வாக்கு மாதிரிப் பதிவு செய்து, பிறகு அழித்துவிட்டுத்தான் வாக்குப்பதிவு தொடங்கும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பதற்றத்தில் அழிக்க மறந்தால் எண்ணும் நாளில், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17-சியில் உள்ள எண்ணிக்கையைவிட 50 வாக்கு கூட வரும். ஊரே கள்ள ஓட்டு என்று கொதிக்கும். உண்மை வெறும் மறதி. முழு இயந்திரத்தையே மாற்றுவதாக எழுதினால், கட்டுப்பாட்டுக் கருவியின் எண், முகவர்கள் கையெழுத்திட்ட பச்சைத் தாள் முத்திரையின் எண், ஒவ்வொரு முகவரிடமும் உள்ள 17-சி நகல் மூன்றையும் வில்லன் சமாளிக்க வேண்டும்.

இயந்திரங்களைப் பூட்டிவைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு உள்வட்டத்தில் மத்தியப் படை, வெளிவட்டத்தில் மாநில ஆயுதப்படை, வருகிறவர்களுக்குப் பதிவேடு, கேமரா. 2024-இல் ஊட்டியில் கேமராத் திரைகள் சிறிது நேரம் இருண்டபோது அதிக வெப்பம் காரணம் என்று நிர்வாகம் விளக்கியது. ஆனால் கதைக்கு அதைவிடப் பொருத்தமானது 2019-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஒரு பெண் வட்டாட்சியரும் உடன் சிலரும் நுழைந்தது இயந்திர அறைக்குள் இல்லை, தேர்தல் ஆவணங்கள் இருந்த அறைக்குள். அதன் விளைவாக ஆட்சியர் உட்பட அதிகாரிகள் மாற்றப்பட்டனர். இயந்திரத்தை எல்லாரும் காவல் காக்கிறார்கள். யார் வந்து வாக்களித்தார் என்ற 17-ஏ பதிவேடு பக்கத்து அறையில் இருக்கிறது. செத்தவன் பெயரில் மாலை 5 மணிக்கு ஒரு கையெழுத்து அதில் இருந்தால்?

முடிவை எண்ணிக்கை நாளில் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடவேண்டும், 2,000 ரூபாய் வைப்புத் தொகை, தேர்தல் முறைகேட்டுக் குற்றச்சாட்டு இருந்தால் படிவம் 25-இல் பிரமாணப் பத்திரம். வழக்கு இல்லையென்றால் அந்த 45 நாளோடு கேமராப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியது. 44-ஆம் நாள் மாலை உங்கள் கணக்குக் குழு ஆள் அந்த இன்னோவாவைக் கண்டுபிடித்தால், வழக்குப் போடும் தகுதி அவருக்கு இல்லை. தோற்ற வேட்பாளரோ, அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவரோ சம்மதிக்க வேண்டும். தோற்றவர் ஏன் சம்மதிக்கத் தயங்குகிறார் என்பதில் கடைசித் திருப்பத்தை வையுங்கள். தீர்ப்பை மட்டும் அவசரமாகக் கொண்டுவராதீர்கள்: 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்கு, தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டதால் தள்ளப்பட்ட 203 தபால் வாக்குகளை எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகியிருந்தது, எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.